தோட்டத்து ஜீப்பும் என் கெம்பாராவும்



சில வாரங்களுக்கு முன்பு, பள்ளி முடிந்து நான் வாகனத்தை எடுக்கும் வேளையில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓடி வந்தான். "டீச்சர், உங்க வண்டி மட்டும் ஏன் ஒரு சக்கரத்தை முதுகுல தூக்கிட்டுப் போகுது?" என்று கேட்டான். உடன் நின்ற பிள்ளைகள் சிரித்தனர். "அது ஜீப்புடா!" என்று இன்னொருவன் எனக்காகப் பதிலும் சொல்லிவிட்டான். நான்காம் ஆண்டில்தான் நம் பிள்ளைகளுக்கு வரலாறு தனிப்பாடமாகத் தொடங்குகிறது. எனவே அக்கேள்வியை ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் சொன்னது கொஞ்சம். சொல்லாமல் விட்டது அதிகம். சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டு வெளிவந்த பெரோடுவா கெம்பாரா. 2005இல் பழைய வாகனமாக வாங்கினேன். உடன் பணிபுரிவோர் பலர் அதற்குப் பிறகு மூன்று கார்களை மாற்றிவிட்டனர். நான் மாற்றவில்லை. "டீச்சர் சிக்கனக்காரர்" என்று பள்ளியில் ஒரு பேச்சு உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு.

சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். சிறுவயதில் ‘ஜீப்’ என்ற சொல் ஒரு வாகனத்தின் பெயராக எனக்கு அறிமுகமாகவில்லை. "ஜீப் வருது" என்றால் துரை வருகிறார் என்பதே பொருள். அப்போது ‘துரை’ வெள்ளைக்காரர் அல்லர், நம் நாட்டவரே. ஆனால் பட்டமும் பயமும் மாறாமல் இருந்தன. செம்மண் சாலையில் தூசு எழும்பினால், ஆயாக்கொட்டகைக்கு வெளியே நின்ற பெண்கள் தலைத்துணியைச் சரிசெய்து கொள்வார்கள். மண்டோரின் குரல் உயரும். நாங்கள் சாலையோரக் கால்வாய்க்குள் இறங்கி நிற்போம். யாரும் அப்படி நிற்கச் சொன்னதில்லை. பெரியவர்கள் நின்றார்கள், பார்த்துப் பழகினோம்.

பெரியவர்கள் ஏன் அப்படி நின்றார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது ஜீப்புக்கும் முந்தையது, சைக்கிளில் தொடங்குவது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடைபெற்ற வேலை நிறுத்தத்தைப் பற்றி நம் பிள்ளைகள் பாடநூலில் விரிவாகப் படிப்பதில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அதில் முன்னின்றவர். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவரும்கூட. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், உறவினர் தோட்டத்திற்குள் வந்துபோக உரிமை எனத் தொழிலாளர் பல கோரிக்கைகளை முன்வைத்தனர். அவற்றுக்கிடையே ஒன்று, இன்று படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். துரைமாரோ தோட்ட அதிகாரிகளோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

கூலி உயர்வுக்குப் பக்கத்தில் சைக்கிளை எழுதிவைத்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி சைக்கிள் வாங்குவது எளிதான காரியம் அன்று. சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து வாங்கிய பொருள். தன் உழைப்பில் வாங்கிய வண்டியின்மேல் அமர்ந்தபடியே தன் வழியில் போக வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலை நிறுத்தம் பரவியது. படையினர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியர் வந்திறங்க, எல்லாமே தலைகீழாகிவிட்டது.

ஜீப் என்ற வாகனம் அந்நேரத்தில் அமெரிக்காவில் பிறந்து கைக்குழந்தையாக இருந்தது. 1940இல் அமெரிக்க இராணுவம், எடை குறைந்த, நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய ஒரு சிறு வண்டி வேண்டுமென்று 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. பாண்டம் என்ற சிறிய நிறுவனம் 49 நாள்களில் மாதிரி வண்டியைச் செய்து செப்டம்பர் 23ஆம் நாள் கொண்டுபோய் நிறுத்தியது. பெயரும் பணமும் மட்டும் பெரிய நிறுவனங்களுக்குப் போயின. வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்து குவித்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,100 கிலோ எடை. சேற்றில் புதைந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து தள்ளிக் கரையேற்றிவிடலாம்.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மொழியாசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். ‘பொதுப் பயன்பாட்டு வண்டி’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான ‘ஜி.பி.’ திரிந்தே ‘ஜீப்’ ஆனது என்று பலரும் சொல்வர். ஆனால் ஃபோர்டு நிறுவனத்தின் குறியீட்டில் ‘ஜி’ அரசாங்க ஒப்பந்தத்தையும், ‘பி’ 80 அங்குலச் சக்கர இடைவெளியையும் குறித்தன. பொப்பாய் சித்திரக் கதையில் 1936இல் ‘ஜீப்’ என்றொரு விந்தை விலங்கு வந்தது. அதன் பெயரையே வீரர்கள் வண்டிக்கு வைத்தனர் என்போரும் உளர். எது மூலம் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. பேருந்து, மகிழுந்து, மிதிவண்டி என்றெல்லாம் சொல் படைத்த தமிழில் ஜீப்புக்கு மட்டும் ஒரு சொல்லும் மக்கள் நாவில் ஒட்டவில்லை. நம் ஊரில் ‘ஃபோர்வீல்’ என்றே முடித்துவிடுகிறார்கள்.

நம் வட்டாரத்திற்கு ஜீப் பெருமளவில் வந்த நாளையும் இடத்தையும் சுட்டிக் காட்டலாம். 1945 செப்டம்பர் 9. இடம், கோலலங்காட் மாவட்டத்து மோரிப் கடற்கரை. சப்பான் சரணடைந்த பிறகும், முன்பே திட்டமிட்டபடி பிரித்தானியப் படைகள் அங்கே தரையிறங்கின. இறங்கியவர்களில் பெரும்பாலோர் 25ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவினர். எதிர்ப்பு ஏதும் இல்லை. கடற்கரையே எதிரியாயிற்று. மேலே மணல்போல் தோன்றிய இடம் உள்ளே சேறு. இறக்கிய வாகனங்கள் பல அச்சுவரை புதைந்தன. போர் நீடித்திருந்தால் அந்தக் கரையில் எத்தனை உயிர்கள் போயிருக்குமோ என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் பேசுகின்றனர். மோரிப்புக்குக் குடும்பத்தோடு கடல் பார்க்கப் போகும் பெற்றோர், அங்கே நினைவுச் சின்னத்தருகே ஐந்து நிமிடம் நின்று பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

அடுத்த கட்டம் இங்கிலாந்தில். ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கில்சித் தீவில் இருந்த தம் பண்ணையில் போரில் எஞ்சிய பழைய வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் வேறு எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து லேண்ட் ரோவர் பிறந்தது. போருக்குப் பின் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. அலுமினியக் கலவை கிடைத்தது. எனவே உடலை அதில் செய்தார்கள். முதல் வண்டிகளுக்கு அடித்த இளம்பச்சை வண்ணம்கூட விமானங்களுக்காக வாங்கி மிஞ்சியதுதான். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகின் முன் வைக்கப்பட்டது. உழவனுக்கான வண்டி என்றே அறிமுகம் செய்தார்கள்.

அதற்கு ஏழு வாரங்கூட ஆகவில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அம்மாதமே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. உழவனுக்கென்று செய்த வண்டி மலாயாவில் காவலர் வண்டியாகவும் துரை வண்டியாகவும் வந்து சேர்ந்தது. நிர்வாகிகள் தங்கள் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் இரும்புத் தகடு அடித்துக்கொண்டனர். துப்பாக்கி ஏந்திய காவலர் உடன் வந்தனர். 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைச் சாலையில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பதுங்கியிருந்தோரால் கொல்லப்பட்டபோதும், அவருடைய ரோல்ஸ்ராய்ஸ் காருக்கு முன்னால் சென்றது காவலர்களை ஏற்றிய ஒரு திறந்த லேண்ட் ரோவர்தான்.

இதையெல்லாம் துரையின் பக்கத்திலிருந்து எழுதிய நூல்கள் ஏராளம். லயத்தின் பக்கத்திலிருந்து எழுதியவை குறைவு. அந்தக் காலத்தில் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் திரட்டினார்கள். காட்டுக்குள் இருப்போருக்கு உணவு போய்விடும் என்று, வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துச் செல்லத் தடை விதித்தார்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வெட்டப் போனதை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலியின் வாயிலில் பெண்களையும் சோதனை போட்டார்களாம். "ஜீப்பு வந்து நின்னா யாரையாவது ஏத்திக்கிட்டுத்தான் போவும்" என்பார். விசாரணைக்கு அழைத்துச் சென்றவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை என்று மட்டும் சொல்வார். பெயர்களைச் சொல்ல மாட்டார். தொண்ணூறுகளில்கூட அவர் அதைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

ஆகவே 1980களில் நாங்கள் கால்வாய்க்குள் இறங்கி நின்றது வெறும் மரியாதை என்று என்னால் எழுத முடியவில்லை.

ஆயினும் அந்த ஜீப்பைப் பழிப்பதற்கு மட்டும் இதை எழுதினால் அது நேர்மையாகாது. எங்கள் தோட்டத்தில் பிரசவ வலி எடுத்த பெண்ணையும், பாம்பு தீண்டியவரையும் அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் அதே ஜீப்தான். லாரி மழைக்காலத்தில் சிக்கிக்கொள்ளும், ஜீப் சிக்காது. என் தம்பி பிறந்தது அப்படி ஓர் இரவில். ஓட்டுநர் எங்கள் லயத்துக்காரர். துரையை எழுப்பிச் சாவி கேட்கப் போனவர் கிராணியார். சாவி கிடைக்க எவ்வளவு நேரமாயிற்று என்பதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. அம்மா ஒரு மணி நேரம் என்பார். அப்பா கால் மணி நேரம் என்பார். வலியெடுத்தவர் கணக்கையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இடையில் ஒரு சுவையான செய்தி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் 1955 செப்டம்பரில் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பா, ஈரான், இந்தியா, பர்மா, தாய்லாந்து வழியே மலாயாவைக் கடந்து, 1956 மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தனர். பர்மாக் காட்டில் போர்க்காலத்துச் சாலை பல இடங்களில் அழிந்தே போயிருந்தது. அவர்களில் ஒருவரான டிம் சிலெசர் அப்பயணத்தை நூலாக எழுதினார். அதில் ஓடிய ஒரு வண்டி பின்னாளில் மீட்கப்பட்டு, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பவும் ஓட்டிச் செல்லப்பட்டது. ஓட்டிச் சென்ற குழுவில் சிலெசரின் பேரனும் இருந்தார். அறுபது ஆண்டு கழித்தும் ஓடியது அவ்வண்டி. கேமரன் மலைக்குச் செல்வோர் இதற்கு வியக்க மாட்டார்கள். அங்கே காய்கறித் தோட்டக்காரர்கள் பழைய லேண்ட் ரோவர்களில் இன்றும் முட்டைக்கோசு ஏற்றுவதைக் காணலாம்.

சிறிய ஜீப்புகளின் கதை சப்பானில் தொடங்குகிறது. அந்நாட்டில் 360 சி.சி.க்கு உட்பட்ட சிறு வாகனங்களுக்கு வரிச் சலுகை இருந்தது. ஹோப் என்னும் ஒரு சிறு நிறுவனம் அந்த அளவுக்குள் ஒரு ஜீப்பைச் செய்து பார்த்துத் தோற்றது. சுசுகி அதன் உரிமையை வாங்கி, 1970 ஏப்ரலில் ஜிம்னியை வெளியிட்டது. 359 சி.சி. எஞ்சின். சட்டம் விதித்த மூன்று மீட்டர் நீளத்தை மீறாமல் இருக்க, உபரிச் சக்கரத்தைப் பின்புறம் தொங்கவிடாமல் உள்ளேயே வைத்தார்கள். அதனால் ஓர் இருக்கை போய், மூவர் மட்டுமே அமர முடிந்தது. (என் மாணவனின் கேள்விக்கு ஒரு பாதி விடை இங்கே இருக்கிறது: முதுகில் தூக்கினால் உள்ளே ஓர் ஆள் உட்காரலாம்.) பின்னர் இதே குடும்பத்து வண்டிதான் இந்தியாவில் 1985இல் மாருதி ஜிப்சியாகி, அந்நாட்டு இராணுவத்திலும் காவல்துறையிலும் பல்லாண்டு ஓடியது. எங்கள் தோட்டத்துச் சின்னத் துரையும் எண்பதுகளின் இறுதியில் ஒரு சுசுகி வைத்திருந்தார். பெரிய துரையின் வண்டியைக் கண்டு பயந்த நாங்கள் அந்தச் சிறு வண்டியைக் கண்டு பயப்படவில்லை. அளவு காரணமோ, அவர் ஓட்டிக்கொண்டே பாட்டுப் பாடியது காரணமோ தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டம் விற்கப்பட்டது. பலருக்கும் தெரிந்த கதை, நீட்டவில்லை. நாங்கள் கம்போங் மேடானுக்கு வந்தோம். கிள்ளான் பழைய சாலையை ஒட்டி, பெட்டாலிங் ஜெயாவின் தென்கோடியில், பலகை வீடுகளும் துத்தநாகத் தகரக் கூரைகளுமாக இருந்த புறம்போக்குக் குடியிருப்பு அது. பெட்டாலிங் ஜெயாவே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தின்மேல் எழுந்த நகரம் என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தோட்டத்தை இழந்து இன்னொரு தோட்டத்தின் எச்சத்தில் வந்து குடியேறியிருக்கிறோம்.

2001 மார்ச் மாதத் தொடக்கத்தில் கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த இனக்கலவரத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர். இறந்தவரிலும் காயமுற்றவரிலும் பெரும்பாலோர் இந்தியர்கள். அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். வீட்டுக்கு வராதே என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். இரண்டு வாரம் கழித்து வந்தபோது, சந்துகளின் முனையில் காவல்துறை வாகனங்கள் நின்றிருந்தன. பாட்டி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பின்னர் பலகை வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழுந்தன. என் பெற்றோர் அவற்றில் ஒன்றின் ஏழாம் மாடியில் குடியேறினர்.

இந்நிலையில்தான் கெம்பாரா என் கதைக்குள் நுழைகிறது. 1993இல் தொடங்கப்பட்ட பெரோடுவா, 1994இல் கஞ்சில் காரையும், 1998 ஆகஸ்டில் கெம்பாராவையும் வெளியிட்டது. டைஹாட்சு தெரியோஸ் என்ற சப்பானிய வண்டியின் மலேசிய வடிவம் அது. ஆசிய நிதி நெருக்கடியின் நடுவே, ரிங்கிட்டின் மதிப்பு 3.80 என்று கட்டப்படுவதற்குச் சில நாள் முன்னே வந்தது. 1.3 லிட்டர் எஞ்சின். நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு. அகலம் ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும். எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். ‘கெம்பாரா’ என்றால் மலாயில் ஊர் சுற்றுதல், பயணித்தல் என்று பொருள். முதன்முறையாக, சம்பளக்காரர் ஒருவர் மாதத் தவணையில் வாங்கக்கூடிய ‘ஃபோர்வீல்’ நம் நாட்டிலேயே, சிலாங்கூர் மாநிலத்திலேயே செய்யப்பட்டது. துரைமார் வீட்டு முற்றத்தில் மட்டும் நின்ற ஒரு பொருள் அடுக்குமாடியின் கீழே வந்து நின்றது.

நான் அதை அழகுக்காக வாங்கவில்லை. என் முதல் பணியிடம் கோலலங்காட் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டத்தின் உள்ளே இருந்த ஒரு தமிழ்ப்பள்ளி. தார்ச்சாலை முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் மண்சாலை. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் அதில் போட்ட பள்ளங்களில் மழைக்காலத்தில் தவளை குடியிருக்கும். மூன்று ஆண்டு என் பழைய காரை நெடுஞ்சாலையோரம் விட்டுவிட்டு, பள்ளிக் காவலாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து போனேன். நம் நாட்டில் இருக்கும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல இவ்வாறு தோட்டத்திற்குள் பிறந்தவைதாம். அங்கே பணியாற்றிய ஆசிரியர் பலருக்கும் இந்த மூன்று கிலோமீட்டர் நன்கு தெரியும்.

கெம்பாராவை வாங்கி முதல் நாள் வீட்டுக்குக் கொண்டு வந்தபோது, அப்பா கீழே இறங்கி வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறக்கவில்லை. "என்னம்மா, தொர வண்டி வாங்கிட்டியா?" என்றார். கேலியா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. முன்னிருக்கையில் உட்காரச் சொன்னேன். "பின்னாலயே உக்காந்துக்கிறேன்" என்றார். அவர் முன்னிருக்கைக்கு வர ஒரு வாரம் ஆயிற்று.

வாங்கிய இரண்டாம் வாரமே சேற்றில் புதைந்தேன். குற்றம் என்னுடையது. இதனைச் சற்று விளக்கினால் அறிவியல் கற்பிக்கும் நண்பர்களுக்கும் உதவும். பிள்ளைகளை வரிசையாகக் கைகோத்து நிற்க வைத்து, ஒரு மூலையில் திரும்பி நடக்கச் சொல்லுங்கள். உள்பக்கத்துப் பிள்ளை நின்ற இடத்திலேயே திரும்பும். வெளிப்பக்கத்துப் பிள்ளை ஓடும். வாகனம் திரும்பும்போது சக்கரங்களுக்கும் அதே நிலைதான். ஒவ்வொன்றும் வேறு வேகத்தில் சுழல விடுவதற்காக ‘டிஃபரென்ஷியல்’ என்ற பற்சக்கரத் தொகுதி இருக்கிறது. ஆனால் அதற்கொரு பலவீனம். எந்தச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதோ அந்தப் பக்கமே சுழற்சி முழுவதும் போய்விடும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் வீணாகச் சுற்றும். உறுதியான தரையில் நிற்கும் மற்றவை சும்மா இருக்கும். நான்கு சக்கர இயக்கமாக இருந்தாலும் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் திறந்திருந்தால் இதே கதைதான். கெம்பாராவில் அதனைப் பூட்டுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. பூட்டினால் முன்னச்சும் பின்னச்சும் சேர்ந்தே சுழலும். உறுதியான தரையைத் தொடும் சக்கரம் வண்டியை வெளியே இழுத்துவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் பூட்டை விடுவித்துவிட வேண்டும். இல்லையேல் பற்சக்கரங்கள் பாழாகும்.

அந்தப் பொத்தான் எதற்கென்றே தெரியாமல் நான் பதினைந்து நாள் ஓட்டியிருக்கிறேன். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை, தோட்டத்து டிராக்டர் ஓட்டுபவர், உள்ளே எட்டிப் பார்த்து, "டீச்சர், இதை அமுக்குங்க" என்றார். வண்டி ஏறி வந்துவிட்டது. அவரிடம் நான் கற்ற பாடம் அது.

அதன்பின் எட்டு ஆண்டுகள் அந்தச் சாலையில் ஓடினேன். மாவட்டத் திருக்குறள் மனனப் போட்டி அன்று விடியற்காலையில் பெருமழை. பள்ளிச் சிற்றுந்து உள்ளே வர மறுத்துவிட்டது. நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தேன். வெள்ளைக் காலணியில் சேறு படாமல் போட்டி மண்டபத்தில் இறங்கினார்கள். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ‘மழை காரணமாகக் கலந்துகொள்ளவில்லை’ என்று எழுதும் வழக்கம் அவ்வாண்டு முதல் நின்றது.

இந்தச் சிறு வண்டியால் முடியாதவையும் உண்டு. 2021 டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கி கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் இரண்டு நாள் கூரையிலும் மேல்மாடியிலும் தவித்தனர். என் சின்னம்மா குடும்பமும் அங்கேதான். நான்கு சக்கரம் இருக்கிறதே என்று புறப்பட்டுப் போனேன். நீரின் விளிம்பில் நின்று பார்த்தபோது, கூரைகள் மட்டுமே தெரிந்தன. முதல் தளம் மூழ்கிய இடத்தில் கெம்பாரா என்ன செய்யும்? படகு வைத்திருந்தவர்களும், உயரமான லாரி வைத்திருந்தவர்களும் முன்பின் அறியாத மக்களைக் கரைசேர்த்தனர். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் இரவு பகலாக உணவு சமைத்தார்கள். கரையேறியவர்களை நிவாரண மையத்திற்குக் கொண்டுபோய் விடுவதும், உணவுப் பொட்டலங்களை நீரின் விளிம்புவரை கொண்டு சேர்ப்பதும் என்னால் ஆயிற்று. சின்னம்மாவை ஏற்றி வந்தது ஒரு மீனவரின் படகு. அவர் பெயரைக் கேட்கக்கூட நேரமில்லை.

கெம்பாராவின் உற்பத்தி 2000களின் பிற்பகுதியிலேயே நின்றுவிட்டது. 2008இல் வந்த நௌட்டிக்கா நெடுநாள் நீடிக்கவில்லை. 2019 ஜனவரியில் வந்த அருஸ் உயரமாக இருந்தாலும் அதற்குப் பின் சக்கர இயக்கம் மட்டுமே. சாலைகள் சீராகிவிட்டன, இனி எதற்கு என்பது நியாயமான கேள்விதான். நான் முன்பு பணியாற்றிய பள்ளிக்கும் இப்போது தார்ச்சாலை போய்விட்டது. ஆனால் சாலை வந்த வேளையில் பிள்ளைகள் அங்கிருந்து வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். நான் பணியேற்றபோது இருந்த மாணவர் எண்ணிக்கையில் பாதிகூட மாற்றலாகி வரும்போது இல்லை. பள்ளத்தை நிரப்பச் சொல்லி எழுதிய கடிதங்களின் நகல் இன்னும் என்னிடம் உள்ளன. அவற்றைப் பார்க்கும்போது இப்போதும் கோபம் வருகிறது.

என் மகனுக்கு இந்த வண்டியின்மேல் விருப்பமில்லை. பெட்ரோல் குடிக்கிறது, குளிர்சாதனம் கத்துகிறது என்கிறான். உதிரிபாகத்துக்குக் கிள்ளான் பக்கத்துப் பழைய சாமான் கடைகளை நாட வேண்டியிருக்கிறது. விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதும் உண்மை. இந்தத் தீபாவளிக்கு முன் முடிவெடுக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அதற்குள் அப்பாவை ஒருமுறை பழைய தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கே இப்போது இரண்டடுக்கு வீடுகள். மாரியம்மன் கோவிலும் அதன் அரசமரமும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. கோவிலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்ச தூரம் மண்சாலை இருக்கிறது. அப்பா முன்னிருக்கையில் அமர்ந்து, அரசமரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, பெரட்டு எடுத்த களம் எது, ஆயாக்கொட்டகை எது என்று கை நீட்டிக் காட்டினார். எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர் வந்தார். நான் ஓரமாக நிறுத்தி வழிவிட்டேன். அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, மிதித்துக்கொண்டே கடந்து போனார்.

இதைப் படிக்கும் தோட்டத்து மக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் ஓடிய ஜீப், அதன் ஓட்டுநர், அது யாரை எங்கே ஏற்றிச் சென்றது என்பவை வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருந்தால் கேட்டு எழுதியனுப்புங்கள். நிழற்படம் இருந்தால் மிகவும் நல்லது. நான்காம் ஆண்டு வகுப்பில் அவற்றை ஒட்டுவதற்கு ஒரு சுவரை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.